மதனை எழுப்பும் கூத்து



“முதலில் வயிற்றுக்குச் சோறு, பாட்டும் கூத்தும் பிறகு” என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்லுகிறோம். எகிப்தியக் கோயில் குருக்களுக்கு ஓய்வு கிடைத்தமையால்தான் அங்கே கணிதம் பிறந்தது என்று அரிஸ்டாட்டிலும் எழுதினார். கணிதத்துக்கு அது பொருந்தலாம். கலைக்கும் பொருந்துமா?

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள மலைகளையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துப் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள், மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்! பிறகு 1869-இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கோப்பி உலகமே அழிந்து தேயிலை வந்தது. இதில் ஓய்வு எங்கே?

ஆயினும் ஊரிலிருந்து கொண்டுவந்த காமன் கூத்தை அவர்கள் விடவில்லை. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனுமாக வேடங் கட்டி ஆடினார்கள். சிவனின் நெற்றிக்கண் மதனை எரிக்கிறது. ரதி ஒப்பாரி வைக்கிறாள். இறுதியில் மதன் உயிர் பெறுகிறான். கதை நம் சமயத்தது அன்று. ஆனால் வழியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அந்த ஒப்பாரி வெறுங் கதையாகவா கேட்டிருக்கும்?

தப்பையும் கவனியுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்ததும் தப்புத்தான். துரையின் கட்டளையைச் சுமந்த தோற்கருவி, கூத்து இரவில் ரதியின் துயரைச் சொன்னது. ஏவிய கருவியையே தன் குரலாக்கிக்கொண்ட இந்தச் செயலைவிடப் பெரிய படைப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983-இல் நூலாகியது. அதே ஆண்டு ஜூலையில் மலையக நகரங்களிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

அப்படியானால், துன்பப்பட்டவனைப் பார்த்து “பாடு” என்று சொல்லலாமா? பாபிலோனில் பாடச் சொன்னவர்கள் சிறைப்பிடித்தவர்களே. அதனால்தான் நாடுகடத்தப்பட்ட மக்கள் யாழை மரத்தில் மாட்டினார்கள் என்கிறது 137-ஆம் திருப்பாடல். (அந்த மறுப்பே பாடலாகிவிட்டது வேறு விஷயம்.) பாட்டு வருவது பாடுகிறவனின் விருப்பத்தால், கேட்பவனின் உரிமையால் அன்று.

விடிய விடிய ஆடும் கூத்தை, விழா மேடைக்குப் பத்து நிமிடத்தில் சுருக்கித் தரும்படி கேட்கிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை கூற மாட்டேன். ஆனால் மதனை எரித்துவிட்டு, நேரம் போதவில்லை என்று எழுப்பாமலே திரையை இழுத்துவிடாதீர்கள்.