வாசலில் நின்ற நம்பிள்ளை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நெய்வேலி நகரியத்தில் ஒரு மார்கழி மாலை. உபந்யாஸம் நிறைவேறி, தீர்த்தப்ரஸாதமும் ஆனபின் பாகவதர்கள் சிலர் கூடியிருந்தோம். சுரங்கத்தில் பணிபுரியும் ஒரு ஸ்வாமி, திருவாய்மொழிப் பாட்டு ஒன்றுக்குத் தமக்குத் தோன்றிய பொருளை விண்ணப்பித்தார். அது நமக்கு இசையவில்லை. இசையாமைக்குக் காரணம் சொல்லியிருக்கலாம். நாமோ, "தேவரீர் யாரிடத்தில் காலக்ஷேபம் கேட்டது?" என்று வினவினோம். சொல் மரியாதையாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த முள் கோஷ்டியில் எல்லார்க்கும் தெரிந்தது. அவர் கைகூப்பி, இரவு ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.

திருமாலையாண்டான் எம்பெருமானார்க்குத் திருவாய்மொழிப் பொருள் அருளிச்செய்த காலத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாட்டை ஆழ்வாருடைய வெறுப்பாக ஆண்டான் நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உகப்பாகச் செல்லுகையில் நடுவே வெறுப்புக் கூடாது, அதுவும் உகப்பே என்றார் எம்பெருமானார். ஆளவந்தார் பக்கல் தாம் கேளாத அர்த்தம், விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார். கடுமையான வார்த்தைதான். ஆயினும் அது விழுந்தது அர்த்தத்தின்மேல். உடையவருடைய திருமேனியின்மேல் அன்று. திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, அந்த அர்த்தத்தை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றவுடன் காலக்ஷேபம் மீண்டும் தொடங்கிற்று. இரண்டு நிர்வாஹங்களும் ஈட்டில் இன்றும் அருகருகே நிற்கின்றன. தோற்றவர் என்று ஒருவரும் அங்கே இல்லை.

நாம் செய்ததோ வேறு. பாகவதாபசாரம் பலவகைப்படும் என்று சொல்லி, பாகவதர்களுடைய பிறப்பை ஆராய்வதை அவற்றில் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறார் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில். தாழ்த்தவேண்டும் என்றே ஒருவருடைய படிப்பை ஆராய்வதும் அதற்கு மிகத் தூரமன்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வூர்ச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளவாமல் நிற்கும். மேலே நின்று பார்ப்பவர்க்கு அந்த நீர் தெரியாது. நம் கேள்வியின் அடியில் இருந்த அஹங்காரமும் கேட்கும்வரை நமக்குத் தெரியவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம்பிள்ளையின் சரித்ரமே நெஞ்சில் ஓடிற்று. முதலியாண்டான் திருவம்சத்தவரான கந்தாடை தோழப்பர், நம்பிள்ளையின் பெருமை பொறாமல், பெரிய பெருமாள் ஸந்நிதியிலே பலரறிய அவரைப் பழித்துப் பேசினார். நம்பிள்ளை மறுமொழி சொல்லாமல் புறப்பட்டார். செய்தி கேட்ட தோழப்பருடைய தேவிகள் அவரை இடித்துரைக்க, தோழப்பர் மனம் கலங்கி, க்ஷமை வேண்டப் புறப்பட்டு இருட்டிலே கதவைத் திறந்தார். வாசலில் ஒருவர் காத்திருந்தார். நம்பிள்ளை! முதலியாண்டான் திருவம்சத்தவர் திருவுள்ளம் சீறும்படி அபசாரப்பட்டது தாமே என்று க்ஷமை வேண்ட வந்திருந்தார். பழிக்கப்பட்டவர் முந்திக்கொண்டார். தோழப்பர் அவரை அணைத்துக்கொண்டு, உலகுக்கெல்லாம் ஆசார்யர் நீரே என்று லோகாசார்யர் என்னும் திருநாமம் சாற்றினார்.

நம் கதையில் நாம் தோழப்பர். நம் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. விடியற்காலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்கள் இறங்கும் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஸ்வாமி இறங்கி, நம்மைக் கண்டு பதறி, "இந்தக் குளிரில் தேவரீர் நிற்கலாமா?" என்றார். அடியோங்கள் பேசியது அபசாரம், க்ஷமிக்கவேண்டும் என்று விண்ணப்பித்தோம். அவர் அதை முடிக்க விடவில்லை. மாலையில் தாம் சொன்ன பொருளில் எந்த இடம் ஒவ்வவில்லை என்று கேட்டார். அவர் திருமாளிகை வரையில் அதைப் பேசிக்கொண்டே நடந்தோம்.