என்னிடம் யாரும் சொல்லவில்லை

தவறு நேர்ந்தபின் பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பதில், "இது என் கவனத்துக்கு வரவில்லை" என்பது. பல நேரங்களில் அது உண்மைதான். பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை. உண்மையாகவே தெரியாதவர் விஷயத்தில்தான் சிக்கல். தெரியாமல் போனதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டுமா?

1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் நாசாவுடன் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். ஏவுதளம் இருக்கும் ஃபுளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். ராக்கெட்டின் பகுதிகள் பொருந்தும் இடத்தில் சூடான வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவாதீர்கள் என்றார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் போஷோலி ஆறு மாதம் முன்பே இதை எழுத்தில் எச்சரித்திருந்தார். நாசா தரப்பில் எரிச்சல் எழுந்தது. தியோகால் நிர்வாகிகள் தனியே கூடிப் பேசி, ஏவலாம் என்று முடிவை மாற்றிக்கொண்டார்கள். காலையில் ஏவியபோது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. 73ஆவது நொடியில் விண்ணோடம் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் மாண்டார்கள்.

பிறகு நடந்த விசாரணையில் ஒன்று வெளிப்பட்டது. ஏவலாம் என்று இறுதி ஒப்புதல் தந்த உயரதிகாரிகளுக்கு, பொறியாளர்கள் முதலில் வேண்டாம் என்று சொன்னதே தெரியாது. செய்தி நடுமட்டத்து மேலாளர்களோடு நின்றுவிட்டது.

மேலே இருந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. அந்தப் பயணம் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தாமதத்துக்குக் காரணமாக நிற்க யாருக்கும் மனமில்லை. அன்றிரவு பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது, "பாதுகாப்பானது என்று காட்டுங்கள்" என்பதல்ல. ஆபத்து நிச்சயம் என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. அப்படி ஒரு சூழலைக் கடைநிலை ஊழியர் உண்டாக்க முடியாது. எந்தச் செய்திக்கு வரவேற்பு, எதற்கு முகச்சுளிப்பு என்பது எப்போதும் மேலிருந்துதான் கீழே இறங்குகிறது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் வந்ததும் செய்திதான், பொய்ச் செய்தி. கோவலனைக் கள்வன் என்று பொற்கொல்லன் சொன்ன நேரத்தைக் கவனிக்க வேண்டும். அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி அரங்கை விட்டுப் போய்விட்டாள். அவளைத் தணிக்க அரசன் அமைச்சர்களை விட்டு அந்தப்புரம் போகிறான். வழியில் காலில் விழுந்த பொற்கொல்லனிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை. திருட்டுப்போன சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நடக்கிறான். கொடுங்கோலனாக அவனை இளங்கோ காட்டவில்லை. மனம் வேறிடத்தில் இருந்த ஒரு நிமிடம் ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டது. அவனுடைய பெருமை பிறகு வருகிறது. உண்மை தெரிந்ததும் கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று விலகிக்கொள்ளாமல், அவன் பேச்சைக் கேட்டது தன் குற்றம் என்று அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்டான். அவனிடம் தவிர்க்க முடியாத அறியாமை எதுவும் இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதே நிமிடம் நம் அலுவலகங்களில் தினமும் வருகிறது. கோப்போடு வந்தவரிடம் வாசலில் இருக்கும் உதவியாளர், "இன்னிக்கு ஐயா மூடு சரியில்ல, நாளைக்குப் பாருங்க" என்கிறார். வந்தவர் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறார். உள்ளே இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மறுநாள் அந்தக் கோப்பு இன்னும் மென்மையான சொற்களில் உள்ளே போகும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஒரு வேலை பின்தங்கிவிட்டது என்று இளநிலைப் பொறியாளர் எழுந்து சொன்னால், தலைவர் முதலில் கேட்பது "என்ன ஆச்சு?" என்பதா, "யார் பொறுப்பு?" என்பதா என்று மேசையைச் சுற்றி அத்தனை பேரும் கவனிக்கிறார்கள். இரண்டாவதாக இருந்தால், அடுத்த மாதம் எல்லா வேலையும் 'நடந்துகொண்டிருக்கும்'.

ஆனால் தலைவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு மாவட்டத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு கோப்பையும் பார்க்க முடியாது. பிறரை நம்பி வேலையைப் பிரித்துக் கொடுக்காதவர் தலைவரே அல்ல. வேண்டுமென்றே மறைக்கிறவர்களும் உண்டு. தன் திருட்டை மறைக்கத் துணிந்த எழுத்தரின் சூழ்ச்சிக்கு அதிகாரியைத் தண்டிப்பது அநியாயம். எனவே தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு அந்தத் தலைவரிடம் என்ன நேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும். அவர் இடமாற்றம் ஆகியிருந்தால், கூட்டத்தில் அவமானப்பட்டிருந்தால், அதன்பின் வந்த அமைதி முழுவதற்கும் தலைவரே கணக்குச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் மனு கொடுக்கிறார்கள். கிராமங்களில் நடக்கும் முகாமுக்கு ஆராய்ச்சி மணி கட்டிய சோழனை நினைத்து 'மனுநீதி நாள்' என்றே பெயர். மக்கள் வந்து முறையிட இப்படி வழி இருக்கிறது. அதே கட்டடத்துக்குள் வேலை செய்கிறவர், தன் மேலதிகாரி கேட்க விரும்பாததைச் சொல்ல அப்படி ஒரு நாள் இல்லை. டொயோட்டா ஆலைகளில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிறு ஒன்றை இழுத்து ஆட்களை வரவழைக்கலாம். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தியே நிற்கும். அதில் கயிறு பெரிதல்ல. இழுத்தவரைத் திட்டாமல் இருக்கும் மேற்பார்வையாளர் இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்தப் பொறுமையை ஒருவர் தனக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாமதத்தில் எரிச்சல் வருவது இயல்பு. வந்த எரிச்சலைச் செய்தி கொண்டுவந்தவர் முகத்தில் காட்டாமல் விழுங்குவது பல ஆண்டுப் பயிற்சி.

நாசாவுக்கே அது எளிதில் கைவரவில்லை. 2003இல் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. விண்வெளியிலேயே இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நிர்வாகத்தைத் தாண்டிப் போகவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் அதுவும் சிதறி, மறுபடியும் 7 பேர் இறந்தார்கள்.

சேலஞ்சர் ஏவுதலுக்கு ஒப்புதலாகக் கையெழுத்திட மறுத்தவர் தியோகாலின் ஆலன் மெக்டொனால்டு. விசாரணைக் குழு முன் நடந்ததைச் சொன்னதற்காக நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகே மீண்டும் உயர்த்தப்பட்டு, ராக்கெட்டின் இணைப்புகளைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1988 செப்டம்பரில் விண்ணோடங்கள் மறுபடியும் பறந்தன. வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தருக்கோ தனியார் பள்ளி ஆசிரியைக்கோ எந்த நாடாளுமன்றமும் வரப்போவதில்லை. அவர்களைக் காக்கக்கூடிய ஒரே ஆள், அவர்கள் எவர் முன் நின்று பேச வேண்டியிருக்கிறதோ அவரேதான்.