பேறுபெற்றவன் பேயனான கதை



கடைக்குப் போன பிள்ளை, முதலாளி தவறுதலாகக் கூடத் தந்த நூறு ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வருகிறது. வந்து சொன்னதும் என்ன கேட்கிறது? "பேயா, அவர் தந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வாறதுதானே!" கொஞ்சம் ஆங்கிலம் புழங்கும் வீடானால், "டோன்ற் பி சில்லி" என்பார்கள். பொருள் ஒன்றுதான்.

இந்தச் "சில்லி" என்ற சொல்லுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குப் பேறுபெற்றவன், மகிழ்ச்சியுள்ளவன் என்பதே பொருள். அதன் உடன்பிறப்பான ஜேர்மன் சொல் இன்றும் அந்தப் பொருளை இழக்கவில்லை. திருச்சபை முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிப்போருக்கு அம்மொழியில் அதுவே அடைமொழி. ஆங்கிலத்திலோ சொல் படிப்படியாக இறங்கியது. பேறுபெற்றவன் மாசற்றவனானான். மாசற்றவன் உலகில் அடிபடுபவன் அல்லவா? ஆகவே இரங்கத்தக்கவனானான். பிறகு பலவீனன். 16ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புத்தியிலும் பலவீனன், அதாவது மூடன்.

எந்த அரசனும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. சாதாரண மக்களின் வாய்தான் செய்தது. ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. ஆசீர்வதிக்கப்பட்டவன் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்காரர் அசடனுக்கு ஒரு பெயர் எடுத்தார்கள். நாமும் "சாது" என்ற நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, "அவன் பாவம், வெறும் சாது" என்று உதட்டைப் பிதுக்குகிறோமே!

இந்தச் சொல் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் றொபேட் சவுத்வெல் என்ற யேசுசபைக் குரு வாழ்ந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை. உரோமையில் குருப்பட்டம் பெற்றவர். வெளிநாட்டில் பட்டம்பெற்ற குரு இங்கிலாந்தில் கால்வைப்பதே இராசத்துரோகம் என்று சட்டம் இருந்தபோது, 1586இல் தாய்நாடு திரும்பினார். உரோமையில் சுகமாக இருந்திருக்கலாம். புத்திசாலி எவனும் அப்படித்தான் செய்திருப்பான். ஆறு ஆண்டுகள் மறைந்து திரிந்து திருப்பலி நிறைவேற்றினார், 1592இல் பிடிபட்டார், சித்திரவதைப்பட்டார், 1595 பெப்ரவரி 21இல் லண்டன் டைபர்ன் கொலைக்களத்தில் உயிர்நீத்தார். 1970இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவர் நல்ல கவிஞர். மாட்டுத்தொழுவத்தில் குளிரில் நடுங்கும் யேசு பாலனைப் பாடும்போது, அந்தப் பாலனுக்கு இட்ட அடைமொழி எது தெரியுமா? இதே "சில்லி"தான். மாசற்ற, ஆதரவற்ற குழந்தை என்ற கருத்தில் எழுதினார். இன்று அதை வாசிக்கும் ஆங்கிலப் பிள்ளை திடுக்கிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஆண்டவரின் உறவினரே அவருக்கு மதிமயக்கம் என்று எண்ணி அவரைப் பிடித்துவரப் புறப்படவில்லையா? ஏரோது பகட்டான ஆடை உடுத்தி அவரை ஏளனம் செய்யவில்லையா? மலைப்பொழிவில் யாரைப் பேறுபெற்றோர் என்றாரோ, அவர்கள் பட்ட பெயரை அவரும் பட்டார்.

அந்த நூறு ரூபாப் பிள்ளை இப்போது வீட்டின் ஒரு மூலையில் முகம் வாடி இருக்கும். தான் பிழை செய்துவிட்டதாகவே நினைத்திருக்கும். இன்றிரவு செபமாலைக்கு முழந்தாளிடுமுன், அதைப் பக்கத்தில் கூப்பிட்டு, பகலில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, அப்பா அம்மாமாரே?