விளிம்பில் ஆறு ஃபிரேம்

நான் செய்துவரும் முதல் வீடியோ கேமில் ஒரு சிறுமி கோபுரத்தின் நிலைகளில் தாவித் தாவி ஏறுகிறாள். விளிம்பில் கால் இருக்கும்போது பட்டனை அழுத்தினால் தாவுவாள். கால் விலகிவிட்டால் விழுவாள். விதி அவ்வளவுதான். ஆனால் மனித விரல் ஒரு கணம் பிந்திவிடுகிறது. அதனால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஆறு ஃபிரேம் வரை அவள் தாவலாம் என்று எழுதியிருக்கிறேன். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது நொடியில் பத்தில் ஒரு பங்கு. கேம் செய்கிறவர்கள் இதைக் கொயோட்டி டைம் என்பார்கள்.

வேலை எவ்வளவு நகர்ந்தது என்று அவ்வப்போது சிறு வீடியோ எடுத்து வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவேன். இந்த ஆறு ஃபிரேமையும் மெதுவாக ஓடவிட்டுக் காட்டியிருந்தேன். திருமுறை ஓதுகிற என் மாமா உடனே போன் செய்தார். "ஏம்மா, கால் தரையில இல்லாமலே தாவுதே. அப்போ அந்தத் தாவல் வெளையாடுறவனோடதா, ஒன்னோடதா?"

அவர் கேள்வி சைவ சித்தாந்தத்தை நினைவூட்டியது. அது சொல்லும் இறைவனின் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் நான்கையும் மனம் எளிதாக ஏற்கிறது. மறைத்தலில்தான் தயங்குகிறது. கருணையுள்ளவன் ஏன் ஒளிய வேண்டும்? அவன் தன்னைக் காட்டாமல் நிற்பதால்தான் உயிர் உலகில் இறங்கி, வினையைத் துய்த்துப் பக்குவப்படுகிறது. ஆகவே மறைத்தலும் அருளே என்கிறது சித்தாந்தம். கேட்டுப் பழகிய இந்த வாதம், விளையாடுகிறவர்களை அருகிலிருந்து பார்த்தபோதுதான் எனக்குள் இறங்கியது. ஆறு ஃபிரேம் இல்லாதபோது, "நான் அழுத்தினேன், அது தாவலை" என்று கேமின்மேல் கோபப்பட்டார்கள். முப்பது ஃபிரேம் கொடுத்தபோது சிறுமி காற்றில் நடப்பது கண்ணுக்கே தெரிந்தது. யாரும் விளிம்பைக் கவனிக்கவில்லை. ஆறில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கவனமாக ஏறினார்கள்.

பட்டனையே அழுத்தாதவனுக்கு அந்த ஆறு ஃபிரேம் உதவாது, விழத்தான் செய்வான். எனவே தாவல் அவனுடையது, விளிம்பைச் சற்று நீட்டியது மட்டும் என்னுடையது. மாமாவிடம் இப்படித்தான் சொன்னேன். இப்போதும் அதையே நம்புகிறேன்.

அவர் விடவில்லை. "மறைச்சதுதான் அருள்னா, அதை ஏன் எல்லாருக்கும் படம்புடிச்சுக் காட்டுற?"

மறைக்கும் அதே சக்திதான், உயிர் பக்குவப்பட்டதும் அருட்சக்தியாக விளங்குகிறது என்பதும் சித்தாந்தமே. மறைவு என்றைக்குமானது அல்ல. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடி தோர்சன் இப்படிப்பட்ட மறைவான உதவிகளைத் தாமே வெளிப்படையாக விளக்கியிருக்கிறார். அவற்றைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்த மலையில் ஏறினேன். ஏறிய நிறைவு கொஞ்சமும் குறையவில்லை.

ஆனால் ஓரிடத்தில் என் ஒப்புமை நிற்கவில்லை. இறைவன் ஒவ்வோர் உயிரின் பக்குவத்தையும் அறிவான். நானோ, யாரென்றே தெரியாத எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்திருக்கிறேன். அறியாதவள் அளந்து மறைத்துக் கொடுப்பதில் அதிகாரம் இருக்கிறதே தவிர, அருள் குறைவு. செலஸ்டில் அசிஸ்ட் மோட் உண்டு: கேமின் வேகத்தைக் குறைப்பதையும், அடிபடாமல் இருப்பதையும்கூட ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். அப்படி ஒரு மெனுவைத்தான் இப்போது எழுதுகிறேன். மாமாவுக்கு விரல் நடுங்கும்; ஆறு ஃபிரேம் போதாது. எத்தனை வேண்டும் என்று அவரே வைத்துப் பார்க்கட்டும்.