பழைய வட்டாவும் நியாய விலையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூரை நோக்கிச் செல்லும் பெருவீதியில் பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான் ஆகிய ஊர்களைக் கடந்ததும் தன்னாமுனை வருகின்றது. வாவிக்கரை ஊரான இதன் ஒழுங்கைகளுக்குப் பழைய இரும்பும் பித்தளையும் வாங்க வரும் வியாபாரி புதியவனல்லன். முன்னர் சைக்கிளில் தராசுடன் வந்தான். இன்று முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கியுடன் வருகின்றான். அவன் வாங்குவது நிறையை, பொருளையன்று. நெளிந்த குடமும் வேலைப்பாடமைந்த படிக்கமும் அவனுடைய தராசுத் தட்டில் ஒன்றே.

இவ்வியாபாரியோடு ஒப்பிடத்தக்க இன்னொருவனும் கிழக்கின் ஊர்களுக்கு வருவதுண்டு. அவனிடம் தராசு இராது. வெற்றிலை வைக்கும் வட்டா, மூக்குள்ள கெண்டி, பாக்குவெட்டி, குத்துவிளக்கு, பூட்டுடன் கூடிய பெட்டகம், திருகை முதலியன அவன் தேடுவன. தேடுபவன் தன் வீட்டை அலங்கரிக்க விரும்பும் இரசிகனாகவும் இருக்கலாம்; கொழும்பிலோ காலிக் கோட்டையிலோ உள்ள பழம்பொருட் கடைகளுக்குக் கொடுப்பவனாகவும் இருக்கலாம். இருவரும் தாம் செய்வதை ‘வேட்டை’ என்று மகிழ்ச்சியோடு கூறிக்கொள்வர். அச்சொல்லின் பொருத்தம் பின்னர் ஆராயப்படும்.

இங்கு எழும் அறவினா சிறியது போலத் தோன்றும். தன் வீட்டு அடுக்களை மூலையிற் கிடக்கும் வட்டாவைப் பழைய பித்தளை என்றே எண்ணி ஒரு மூதாட்டி விற்க முன்வருகிறாள் எனக் கொள்வோம். அது நகரத்தில் அத்தொகையின் இருபது மடங்குக்கு விலைபோகும் என்பது வாங்குபவனுக்குத் தெரியும். அவன் பொய் எதுவும் கூறவில்லை. “என்ன விலை, ஆச்சி?” என்று கேட்டான், அவள் கூறிய விலையைப் பேரம் பேசாமலே கொடுத்தான். அவன் செய்தது குற்றமா?

இவ்வினா பழையது. சிசரோ கி.மு. 44 இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில், பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்குத் தானியக் கப்பலுடன் முதலில் வந்து சேரும் வணிகன் ஒருவனைக் காட்டுகின்றார். பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதை அவன் ஊராருக்குச் சொல்ல வேண்டுமா? பபிலோனிய டயோஜீனிஸ் வேண்டியதில்லை என்கிறார். மறைத்தல் வேறு, சொல்லாதிருத்தல் வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் அன்டிபேற்றர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கின்றார். இவ்வெடுத்துக்காட்டையே அறநூலார் அடிக்கடி கையாள்வர். ஆயினும் அது விற்பவனின் மௌனத்தைப் பற்றியது. வட்டாவின் வழக்கோ வாங்குபவனின் மௌனத்தைப் பற்றியது. அதற்கு நெருங்கியதும் அதே நூலிலேயே உள்ளது. குவின்ற்றஸ் ஸ்கேவோலா என்னும் உரோமச் சட்ட அறிஞர் ஒரு நிலத்தை வாங்க விரும்பி, ஒரே விலையைக் கூறுமாறு கேட்டார். கூறப்பட்டதும், நிலம் அதனிலும் கூடிய பெறுமதியுடையது என்று தாமே சொல்லி, ஓர் இலட்சம் செஸ்ட்டர் நாணயங்களைக் கூட்டிக் கொடுத்தார். அது நல்லவனின் செயல் என எவரும் ஒப்புவர், ஆனால் அறிவுள்ளவனின் செயலன்று என்பர் எனச் சிசரோ வருந்துகிறார். நன்மையையும் அறிவையும் இவ்வாறு இரண்டாகப் பிளப்பதே கேடு என்பது அவர் கருத்து.

தமிழ் மரபு இவ்விடயத்தில் மௌனம் சாதிக்கவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, விற்கையில் அளவைக் குறைக்காமையை மட்டுமன்றி, வாங்குகையில் மிகுதியாகப் பெறாமையையும் சேர்த்தே புகழ்கின்றது. திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகரின் அறத்தைக் கூறும் குறளுக்குப் பரிமேலழகர் கண்ட உரையும் இத்திசையிலேயே செல்கின்றது. வாங்குபவனும் அநீதி இழைக்கலாம் என்பதை இன்றைய சந்தை மறந்துவிட்டது. ஏமாறுபவன் எப்போதும் வாடிக்கையாளனே என்று அது கருதுகின்றது. பழையோர் அவ்வாறு கருதவில்லை.

கத்தோலிக்க சமயம் வேரூன்றிய தன்னாமுனையில் அர்ச். தோமஸ் அக்குவைனாஸின் கருத்தை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘இறையியற் சுருக்கம்’ என்னும் பெருநூலில் கொள்வனவு, விற்பனை பற்றிய வினாவொன்று உண்டு. பொன்னைப் பித்தளை என எண்ணி ஒருவன் விற்கும்போது, உண்மையை அறிந்தே வாங்குபவன் அநீதியாக வாங்குகிறான். அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என அவர் அங்கே தீர்ப்பளிக்கின்றார். மூதாட்டியின் வழக்கு இத்துடன் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் முடியவில்லை. வட்டா பொன்னன்று, அது உண்மையாகவே பித்தளைதான். பொருளின் இயல்பில் மூதாட்டி தவறவில்லை. தொலைவிலுள்ள சிலருடைய இரசனை அப்பித்தளைக்கு ஒரு புதிய விலையைத் தந்திருக்கின்றது. அவள் அறியாதது அதனை மட்டுமே. பிறருடைய விருப்பத்தை அறியாதிருத்தலும் பொருளின் இயல்பை அறியாதிருத்தலும் ஒன்றாகுமா?

சட்டத்தை நாடினாலும் இச்சிக்கல் தீர்வதாயில்லை. உண்மைப் பெறுமதியின் பாதியிலும் குறைந்த விலைக்கு விற்றவன் அவ்விற்பனையைத் தள்ளிவைக்க இடமளிக்கும் கோட்பாடு உரோமச் சட்டத்தில் நில விற்பனையை ஒட்டித் தோன்றியது. உரோம-டச்சுச் சட்ட மரபோடு இலங்கைக்கும் வந்தது. அதே மரபைக் கொண்ட தென்னாபிரிக்கா 1952 இல் அதனைச் சட்டமூலம் நீக்கிவிட்டது. நீக்கியோருக்கு ஒரு நியாயம் இருந்தது: ‘உண்மைப் பெறுமதி’ என்பது எங்கே உள்ளது? வட்டாவின் உண்மைப் பெறுமதி தன்னாமுனையில் பித்தளையின் நிறையா, காலியிற் கண்ணாடி அலமாரியிலுள்ள விலையா? இலங்கையின் தொல்பொருட் சட்டமும் இங்கே உதவாது. 1940 ஆம் ஆண்டின் அக்கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாக வரையறுத்தது. பாட்டியின் தாயார் சீதனமாகப் பெற்ற வட்டா அவ்வெல்லைக்கு வெளியே நிற்கும். 1988 ஆம் ஆண்டின் பண்பாட்டு ஆதனச் சட்டம் ஏற்றுமதியையும் வணிகரையும் கட்டுப்படுத்த முனைகின்றது. அடுக்களை வாசலில் நடக்கும் பேச்சை அது கேளாது.

ஆதலின் வேட்டைக்காரனின் தரப்பைக் கேட்பது அவசியமாகின்றது. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவன் கூறக்கூடியன இவை. வட்டாவையும் தட்டையும் வேறுபிரித்தறிய அவன் பல ஆண்டுகள் கண்ணைப் பழக்கியிருக்கிறான். அவ்வறிவு உழைத்துப் பெற்றது. உழைப்புக்குப் பயன் உண்டு. பத்து ஊர் அலைந்து ஒன்பதில் வெறுங்கையோடு திரும்புகிறான். எல்லாவற்றிலும் மேலாக, அவன் வாங்காவிடின் முச்சக்கர வண்டிக்காரன் அதனை வாங்கி உலைக்கு அனுப்பிவிடுவான். உருகிய வட்டா எவருடைய மரபும் அன்று.

மூன்றாவது வாதமே வலிமையுடையது. காரைக்குடியை நோக்கினால் அதன் உண்மை விளங்கும். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளிற் பொருளீட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் மாளிகைகள், 1942 இல் ஜப்பானியர் பர்மாவுட் புகுந்ததையும் பின்வந்த தேசியமயத்தையும் தொடர்ந்து நலிந்தன. சுவீடனிலிருந்தும் செக்கோசிலோவாக்கியாவிலிருந்தும் வந்த எனாமல் ஏனங்கள், மரத்தூண்கள், பித்தளைப் பாத்திரங்கள் என அவ்வீடுகளின் பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து குவிந்தன. அக்கடைகள் இல்லையாயின் அவற்றிற் பெரும்பகுதி விறகாகவும் உலோகக் கட்டியாகவும் மறைந்திருக்கும். சேகரிப்பவனின் ஆசை காப்பாற்றும் ஆசையாகவும் அமையக்கூடும் என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் இவ்வாதம் எதனை நிறுவுகின்றது என்பதை நுணுகி நோக்கவேண்டும். வட்டாவை வாங்கியது நன்று என்பதை அது நிறுவுகின்றது. குறைந்த விலையில் வாங்கியது நன்று என்பதை நிறுவவில்லை. உலையிலிருந்து மீட்கும் பணிக்கு மூதாட்டியின் அறியாமை தேவையானதன்று. உரிய பங்கைக் கொடுத்தாலும் வட்டா மீட்கப்பட்டே இருக்கும். முதல் இரண்டு வாதங்களும் இலாபத்தின் ஒரு பகுதிக்கு உரிமை தருவன. இருபதில் பத்தொன்பது மடங்குக்கும் உரிமை தருவனவல்ல. கண்ணுக்குக் கூலி உண்டு. ஆனால் அக்கூலியை நிர்ணயிக்கும்போது மறுதரப்பு அந்த அறையிலேயே இல்லாதது போல் நடந்துகொள்வதே இங்குள்ள குறை.

‘வேட்டை’ என்னும் சொல் இங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது. அதே வட்டாவைக் காலியில் முழுவிலை கொடுத்து வாங்கியவன் அதனை நண்பர்களுக்குக் காட்டும்போது, அதன் வளைவையும் வேலைப்பாட்டையும் பேசுவான். தன்னாமுனையில் வாங்கியவன் முதலிற் பேசுவது விலையை. பொருளின் அழகு இரு கைகளிலும் ஒன்றே. ஆகவே வேட்டைக்காரன் சுவைத்த மேலதிக இன்பம் பொருளிலிருந்து வந்ததன்று. ஒருத்திக்குத் தெரியாததைத் தான் தெரிந்துகொண்டிருந்தான் என்பதிலிருந்து வந்தது. (விலையைக் கூறாமல் தன் சேகரிப்பைக் காட்டக்கூடிய சேகரிப்பாளர் சிலர் உளர், அவர்களை வேட்டைக்காரர் என அழைப்பது பொருந்தாது.) 

மேனாடுகளின் பழம்பொருட் சந்தைகளில் இக்குறை மங்கலாகவே தெரிகின்றது. பாரிஸ் புறநகரான சென்-உவான் சந்தையில் விற்பவனும் தேர்ந்தவனே. அங்கே அறிவு அறிவோடு மோதுகின்றது. 1940களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட்டில் ஒக்ஸ்பாம் தொடங்கியது போன்ற அறக்கொடைக் கடைகளிலோ, பொருளைத் தந்தவர் அதனைத் துறந்துவிட்டே சென்றிருக்கிறார். அவர் முகம் அங்கில்லை. தன்னாமுனையில் விற்பவள் தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். வந்தவனுக்கு இருக்கை தருகிறாள். மட்டக்களப்பு மரபின்படி வெற்றிலையும் தருகிறாள். ஒருவேளை அந்த வட்டாவிலேயே வைத்துத் தருவாள்.

வட்டா என்பது இப்பகுதியில் வெறும் தட்டன்று. வெற்றிலையை ஏந்தி விருந்தினரை வரவேற்கும் கருவி அது. திருமண வீட்டிலும் சடங்கிலும் முன்னிற்பது. தாய்வழிக் குடிமுறை நிலவும் மட்டக்களப்புச் சமூகத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகச் செல்வது வழக்கம்; வீட்டோடு வீட்டுப் பாத்திரங்களும் செல்லும். இங்கு வழங்கிய முக்குவர் வழமையைச் சி. பிறிற்றோ 1876 இல் நூலாக்கினார். பெண்வழி உரிமையின் வரலாற்றைச் சட்டநூல்கள் நிலத்தைக் கொண்டு எழுதின. வீடுகளோ அதனைச் செம்பையும் வட்டாவையும் கொண்டு எழுதின. ஆதலின் விற்பவள் உண்மையில் முழு உரிமையாளியா, தாய்க்கும் மகளுக்கும் இடையே நிற்கும் காப்பாளியா என்ற வினா எழுகின்றது. மகள் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கக்கூடும். அவளிடம் எவரும் கேட்கவில்லை.

கான்ற் 1785 இல் எழுதிய ஒழுக்க நூலில் சந்தை விலை, விருப்பு விலை, மாண்பு என மூன்றை வேறுபடுத்தினார். விலையுள்ளதற்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், மாண்புள்ளதற்கு ஈடில்லை. மனிதனுக்கே மாண்பு, பொருளுக்கு விலை என்பது அவர் எல்லை. அவ்வெல்லை சரியானதே. ஆனால் பிறரின் மாண்பு சில வேளைகளில் ஒரு பொருளின் விலைபேசலில் வைத்தே காக்கப்படுகின்றது அல்லது கைவிடப்படுகின்றது என்பதை அவருடைய பகுப்பு போதிய அளவு காட்டவில்லை எனலாம்.

கிழக்கின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவை மேலும் கடினமாக்குகின்றது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளி கூரைகளைப் பறித்தது. 1990 செப்டெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அதனையடுத்த ஊர்களிலும் மக்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் இப்பகுதியெங்கும் குடும்பங்கள் வீடுகளை விட்டு ஓடின. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களை அழித்தது. இத்தகைய காலங்களில் பித்தளை இருவழியாகக் கைமாறும். பசிக்காக விற்கப்பட்டதும் உண்டு. ஆளில்லா வீட்டிலிருந்து எடுக்கப்பட்டதும் உண்டு. பின்னதைப் பற்றிச் சட்டம் தெளிவானது: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாது. ஆனால் கடை அலமாரியில் மினுக்கி வைக்கப்பட்ட வட்டாவில் அது எவ்வழி வந்தது என்பது எழுதப்பட்டிராது. மினுக்குதல் கறையோடு வரலாற்றையும் நீக்கிவிடுகின்றது. சில வட்டாக்களின் விளிம்பிலோ அடியிலோ உரியவரின் பெயரெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். வாங்குபவர் அதனை ‘பழைமைக்குச் சான்று’ எனக் கூறி மேலும் விலை கூட்டுவர். அவ்வெழுத்துகள் வெட்டப்பட்டது பொருள் தொலைந்தால் திரும்பி வரவேண்டும் என்பதற்காக.

பசிக்காக விற்கப்பட்டதைப் பற்றி அக்குவைனாஸ் கூறும் இன்னொரு கருத்து துணைசெய்யும். ஒரு பொருளை இழப்பதால் விற்பவனுக்கு நேரும் தனிப்பட்ட இழப்பையும் விலையிற் சேர்ப்பது நியாயமே என்கிறார் அவர். வாங்குபவன் பெறும் தனிப்பட்ட பயனுக்காக விற்பவன் விலையை உயர்த்துதல் ஆகாது. ஆனால் பெரும்பயன் பெற்றவன் தானாகவே ஏதேனும் கூட்டிக் கொடுத்தல் அவனுடைய நேர்மைக்கு அழகு. இதனை வட்டாவுக்குப் பொருத்தினால், மூதாட்டியின் இழப்பு பித்தளையின் நிறையன்று. தலைமுறைகளாகத் தேய்ந்த விளிம்பும் அந்த இழப்பினுள் அடங்கும். அவள் அதனைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதற்காக அது கணக்கில் இல்லாமற் போவதில்லை.

நடைமுறையில் இது எவ்வாறு நிகழும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். வாங்க வந்தவன் நகரத்து விலையை வெளிப்படையாகக் கூறுகிறான். தன் அலைச்சலுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு வைத்துக்கொள்வான் என்பதையும் கூறுகிறான். பின்னர் விற்க விருப்பமா என மீண்டும் கேட்கிறான். கூரைக்கு ஓடு மாற்றவேண்டியிருந்தால் அவள் விற்கலாம். அப்போது இருவரும் ஒரே விலையைத்தான் பேசுகின்றனர். அல்லது அவள் அவனை இருத்திவிட்டு, வட்டாவைப் புளியிட்டுத் துலக்கி, மகளுக்குத் தொலைபேசி எடுக்கலாம். அவன் அன்று வெறுங்கையோடு ஏறாவூர்ப் பேருந்தில் ஏறுவான்.