காயம் சாபமல்ல

கேள்வி: எல்லைப் பணியில் கண்ணிவெடி வெடித்ததில் என் தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பார்க்க வரும் உறவினர்கள், 'போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ' என்கிறார்கள். அவனும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். இது கர்மவினைதானா?
- ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: அந்த உறவினர்களுக்குக் கூரத்தாழ்வானின் சரித்திரத்தைச் சொல்லுங்கள். காஞ்சிக்கு அருகே கூரத்தில் பெரும் செல்வந்தராக இருந்து, எல்லாவற்றையும் துறந்து ராமானுஜரிடம் வந்து சேர்ந்தவர் அவர். சோழ மன்னனின் ஆட்கள் ராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, ஆசாரியரின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாக அரசவைக்குப் போனார். அங்கே தம் இரு கண்களையும் இழந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். வைணவ உலகம் அந்த இழப்பைத் தண்டனையாகப் பார்க்கவில்லை, தியாகமாகவே போற்றுகிறது.

பார்வை போன பிறகுதான் அவர் திருமாலிருஞ்சோலை அழகர் மீது சுந்தரபாஹு ஸ்தவத்தைப் பாடினார். பின்னாளில் காஞ்சி வரதரிடம் கண்களைக் கேட்கும்படி ராமானுஜர் பணித்தபோதும், தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கு நற்கதி கேட்டார்.

பிறருக்கு வரவிருந்த ஆபத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் உங்கள் தம்பி. வினைக்கொள்கை, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. அடிபட்டுக் கிடப்பவன் மேல் அதை வீசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

கேள்வி: 'இல்லாத காலில் விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது' என்று நள்ளிரவில் அலறுகிறான். செய்வினை என்று சொல்லி ஒருவர் பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இது செய்வினை இல்லை. கால் போனாலும், அந்தக் காலை உணரும் பகுதி மூளையில் அப்படியே இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில் இதற்கு ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டே எளிய வழி கண்டார். இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை மெல்ல விரித்து மடக்க வேண்டும். இழந்த காலே அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பலருக்கு அந்த முறுக்கல் தளர்கிறது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காலிழந்த வீரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து, பலன் இருப்பதாக 2007-ல் அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

படுக்கும்போது நெற்றியில் விபூதி இட்டு, சஷ்டி கவசம் சொல்லுங்கள். மனம் அடங்கும். மாத்திரையையும் தவறாமல் கொடுங்கள்.

கேள்வி: செயற்கைக் காலுடன் சந்நிதிக்குள் போகலாமா? 'பின்னமான உடம்பு சாமி முன்னால் எதற்கு' என்று வர மறுக்கிறான். அவனுக்காக நாங்கள் என்னவென்று வேண்டிக்கொள்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். செயற்கைக் கால் செருப்பல்ல, அவர் உடம்பின் அங்கம். மேலே அணிந்த ஷூவைக் கழற்றி, செயற்கைக் காலைத் துடைத்துக்கொண்டு போனால் போதும்.

ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயிலுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடிகளைத் தொண்டைமான் என்ற மன்னன் வாளால் வெட்டியபோது, அந்த வெட்டு புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல் விழுந்தது என்கிறது தலபுராணம். மாசிலாமணீஸ்வரர் அந்த வாள்காயத்தோடுதான் இன்றும் மூலவராக இருக்கிறார். காயம் ஆறட்டும் என்று எப்போதும் சந்தனக்காப்பு; ஆண்டுக்கு ஒருமுறை சித்திரையில்தான் அதைக் களைகிறார்கள். வெட்டுப்பட்ட மேனிக்கே பூஜை நடக்கும்போது, வெட்டுப்பட்ட பக்தருக்கு அங்கே என்ன தடை?

முரளிகாந்த் பேட்கர் என்ற ராணுவ வீரரைப் பற்றியும் தம்பியிடம் பேசுங்கள். குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. குத்துச்சண்டை முடிந்துபோனது. சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கியவர், 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே துண்டித்துக்கொண்ட ராணுவ அதிகாரி இயான் கார்டோசோ, செயற்கைக் காலுடன் ஒரு பட்டாலியனுக்கே தலைமை தாங்கினார்.

அதனால் போன கால் திரும்ப வேண்டும் என்று வேண்டாதீர்கள். அவர் கைக்கும் மனதுக்கும் பிடித்த ஒரு வேலை அமைய வேண்டும் என்று வேண்டுங்கள். ராணுவத்தினருக்காகப் புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இயங்குகிறது. அங்கே எப்போது போகலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் காலையில் நடைப்பயிற்சிக்கு அவரோடு யார் போவது என்பதையும் வீட்டில் இன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்.