வழிப்புள்ளியும் மூன்று அளவைகளும்

விமான ஜிபிஎஸ் திரையில் தெரியும் கோட்டின் ஒரு முனை விமானம் இருக்கும் இடம். மறுமுனை அது போக வேண்டிய வழிப்புள்ளி. இருக்கும் இடத்தைக் கருவியே கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேரும் நேரம் அதற்கு ஆதாரம். வழிப்புள்ளியை அது கணக்கிடுவதில்லை. தரவுத்தளத்தைத் தொகுத்தவரோ குமிழைத் திருகிய விமானியோ சொன்னதை அப்படியே வைத்திருக்கிறது. வழி பிசகினால் முதலில் பார்க்க வேண்டியது, இரண்டில் எது பழுது என்பதைத்தான்.

எந்த அறிவு எந்த வழியில் வந்தது என்ற இந்த ஆராய்ச்சிக்குச் சைவ சித்தாந்தத்தில் அளவை என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் அருள்நந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அளவையை முடித்த பிறகே மற்றதற்கு வருகிறார். அறியும் வழிகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். ஜொகூரில் செனாய் விமான நிலையத்தை நெருங்கும் விமானிக்கு, ஜன்னல் வழியே தெரியும் ஜொகூர் நீரிணை காண்டல், செயற்கைக்கோள் கணக்கு கருதல், வழிப்புள்ளி உரை.

கருதலுக்குக் காவல் உண்டு. ஐந்தாவது செயற்கைக்கோள் கிடைத்தால் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முரணைக் கண்டுகொள்ளும் ரெய்ம் என்ற ஏற்பாடு கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஆறாவதும் இருந்தால் பழுதானதை ஒதுக்கியும் விடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூரில், சூரியன் மறைந்தபின் அயனிமண்டலம் குலைந்து சமிக்ஞை தடுமாறும் இரவுகளில் இது கைகொடுக்கும்.

உரைக்கு அப்படி ஒரு காவல் கருவிக்குள் இல்லை. செனாய் ஏறக்குறைய வடக்கு 1 டிகிரி 38 நிமிடம், கிழக்கு 103 டிகிரி 40 நிமிடத்தில் இருக்கிறது. அதன் அருகே ஓர் இடத்தைக் கையால் பதியும்போது வடக்குக்குப் பதில் தெற்கு என்று விழுந்துவிட்டால், புள்ளி சுமத்ராவின் ஜம்பி நகருக்குப் போய்விடும். விந்தை என்னவென்றால், அங்கேயும் ஒரு விமான நிலையம் உண்டு. எண்கள் சரி, எழுத்து ஒன்றுதான் தப்பு. கருவி முனகாமல் ஏற்றுக்கொள்ளும். ரெய்மும் பேசாது, விமானம் இருக்கும் இடம் சரிதானே!

அளவை நூலார் பிழைக்காட்சியை ஐயம், திரிபு எனப் பிரிப்பார்கள். குற்றியோ மகனோ என்று மயங்குவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு. ரெய்ம் எச்சரிக்கை விமானிக்கு ஐயத்தைத் தருகிறது, அதனால் அவர் விழித்துக்கொள்கிறார். ஜம்பிக்குப் போன புள்ளி திரிபு. ஆபத்து இதில்தான் அதிகம்.

2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா எக்ஸ் விமானத்தில் தப்பானது வழிப்புள்ளி அல்ல, கையால் பதிந்த புறப்படும் இடமே. தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடம் என்பது 15 டிகிரி 19.8 நிமிடம் என்று பதிவானது. 11,000 கிலோமீட்டருக்கு மேல் பிசகு. எச்சரிக்கைகள் வந்தும் கவனிக்கப்படவில்லை. வானில் சரிசெய்ய முயன்றபோது நிலைமை மோசமாகி, விமானம் மெல்போர்னில் இறங்கியது.

உரையை எப்போது நம்பலாம் என்பதில் இந்தியத் தத்துவப் பள்ளிகளிடையே பழைய வழக்கு ஒன்று உண்டு. அறிவு தானே மெய், மறுக்கும் சான்று வரும்வரை ஏற்கலாம் என்பார் மீமாம்சகர். மெய்ம்மையை வெளியிலிருந்து நிறுவ வேண்டும் என்பார் நையாயிகர். நடுவானில் மீமாம்சகராக இல்லாமல் விமானம் ஓட்ட முடியாது. ஒவ்வொரு எண்ணையும் நிறுவிக்கொண்டிருந்தால் எரிபொருள் தீர்ந்துவிடும். புறப்படும் முன் ஒருவர் நையாயிகராக இருந்தே ஆக வேண்டும். கையால் பதிந்த புள்ளியில் சொன்னவரும் கேட்பவரும் ஒரே விமானி என்பதால் இந்தக் கண்டிப்பு கூடுதலாகவே தேவை. தன் பிழையே கருவியின் அதிகாரத்தோடு திரும்பி வருகிறது.

சோதனை கடினமல்ல. சுபாங் விமான நிலையத்திலிருந்து செனாய் சுமார் 155 கடல்மைல். ஜம்பி அதைப் போல இரு மடங்கு, திசையும் ஏறக்குறைய 30 டிகிரி தெற்கே சாயும். தாளில் வரைந்த பயணத் திட்டத்தின் தொலைவையும் திசையையும் திரையோடு ஒப்பிட்டால் உரையைக் கருதல் பிடித்துவிடும். தரவுத்தளம் 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். இரண்டாம் விமானி சரிபார்ப்பதாக இருந்தால், எண்களை வரைபடத்திலிருந்து உரக்கப் படிக்க வேண்டும், திரையிலிருந்து அல்ல.